ஹைனெக்கன்: ஆம்ஸ்டர்டாம் பீர் ஆலை ஒன்று கிங்ஃபிஷரின் உரிமையாளரான வரலாறு

கிங்ஃபிஷர் பீர் யாருடையது என்று கேட்டால், நம்மில் பலர் இன்றும் விஜய் மல்லையாவின் பெயரையே சொல்வார்கள். அந்த விடை பழையதாகிவிட்டது. கிங்ஃபிஷரைத் தயாரிக்கும் யுனைடெட் புருவரீஸ் நிறுவனத்தில் 46.5 விழுக்காடு பங்குகளை ஏற்கெனவே வைத்திருந்த நெதர்லாந்தின் ஹைனெக்கன் நிறுவனம், 2021 ஜூன் மாதம் மேலும் சுமார் 15 விழுக்காட்டை வாங்கியது. கடன் மீட்புத் தீர்ப்பாயத்தின் மீட்பு அதிகாரியிடமிருந்து வாங்கப்பட்ட பங்குகள் அவை. 61.5 விழுக்காட்டுடன் அந்த இந்திய நிறுவனம் அன்று முதல் ஹைனெக்கனின் துணை நிறுவனமாயிற்று. இந்தியாவில் விற்கும் பீரில் ஏறத்தாழப் பாதி இந்நிறுவனத்துடையது.

ஒரு நிறுவனத்தின் உரிமையாளர் யார் என்பது பங்குச் சந்தைக்காரர்களின் கவலை மட்டுமன்று. அந்நிறுவனத்தில் உழைப்பவரும், அதற்கு மூலப்பொருள் தருபவரும், அதனால் பாதிக்கப்படுபவரும் எந்தக் கதவைத் தட்டவேண்டும் என்பதை அதுவே தீர்மானிக்கிறது. ஆகவே ஹைனெக்கனின் வரலாற்றை இங்குச் சற்று விரிவாகத் தொகுத்துத் தருகிறோம்.

வைக்கோற்போர் ஆலை

ஆம்ஸ்டர்டாம் நகரில் 1592 முதல் 'டி ஹூய்பெர்க்' என்றொரு பீர் ஆலை இயங்கிவந்தது. அப்பெயருக்கு வைக்கோற்போர் என்று பொருள். நலிந்துகிடந்த அவ்வாலையை 1864-ஆம் ஆண்டு வாங்கிய கெரார்ட் அட்ரியான் ஹைனெக்கனுக்கு அப்போது வயது 22. 1873-இல் அது முறையான பங்கு நிறுவனமாக்கப்பட்டது. மறு ஆண்டே ராட்டர்டாமில் இரண்டாவது ஆலை இயங்கத் தொடங்கியது.

கெரார்ட் இரண்டு முடிவுகளை எடுத்தார். முதலாவது, 1869-இல் பழைய முறையைக் கைவிட்டு, குளிர்ந்த நிலையில் ஈஸ்ட் அடியில் தங்கி நொதிக்கும் பவேரிய லாகர் முறைக்கு மாறியது. அம்முறையில் தயாரான பீர் தெளிவாக இருந்தது. கெடாமல் நெடுநாள் தாங்கியது. இரண்டாவது, ஆய்வுக்கூடத்தை ஆலைக்குள்ளேயே கொண்டுவந்தது. லூயி பாஸ்டரின் மாணவராக அறியப்பட்ட ஹார்டோக் எலியோன் 1886-இல் அங்கே தனி ஈஸ்ட் வகையொன்றைப் பிரித்தெடுத்தார். 'ஹைனெக்கன் ஏ ஈஸ்ட்' எனப்படும் அதன் வழிவந்த ஈஸ்டே இன்றும் பயன்படுகிறது. எந்த நாட்டில் தயாரித்தாலும் ஒரே சுவை என்ற உறுதியை அது தந்தது. 1889 பாரிஸ் உலகக் கண்காட்சியில் இந்த பீருக்கு உயர் பரிசு கிடைத்தது.

ஏற்றுமதியிலிருந்து உடைமைக்கு

அமெரிக்காவில் மதுவிலக்கு 1933-இல் நீங்கியதும் அங்கு முதலில் கப்பலில் வந்திறங்கிய வெளிநாட்டு பீர் ஹைனெக்கன் என்பது அந்நிறுவனம் பெருமையுடன் சொல்லும் கதை. ஆயினும் அதன் உலக வளர்ச்சிக்கு அடித்தளமிட்டது ஏற்றுமதி அன்று. பீரின் பெரும்பகுதி தண்ணீர். தண்ணீரைக் கண்ணாடி பாட்டிலில் அடைத்துக் கடல் கடத்துவது செலவு மிகுந்த வேலை. அதைவிட, நுகரும் நாட்டிலேயே ஆலை வைத்துக்கொள்வதில் இலாபம் அதிகம். அதற்கு நிலமும் நீரும் உரிமமும் உள்ளூர்க் கூட்டாளியும் தேவை. குடியேற்ற ஆட்சி இவை நான்கையும் எளிதாக்கியது.

1930களின் வரைபடத்தை எடுத்துப் பார்த்தால் இது விளங்கும். பிரித்தானிய ஆட்சியிலிருந்த சிங்கப்பூரில் ஃபிரேசர் அண்ட் நீவ் நிறுவனத்துடன் சேர்ந்து 1931-இல் மலாயன் புருவரீஸ் தொடங்கப்பட்டது. அடுத்த ஆண்டு டைகர் பீர் வெளிவந்தது. டச்சு ஆட்சியிலிருந்த இந்தோனேசியாவின் சுரபாயா ஆலையில் ஹைனெக்கன் பெரும்பங்குதாரர் ஆயிற்று. பெல்ஜிய ஆட்சியிலிருந்த காங்கோவில், 1923-இல் தோன்றிய பிராலிமா நிறுவனத்துக்குள் அதே பத்தாண்டில் நுழைந்தது. நைஜீரியாவில் யுனைடெட் ஆப்பிரிக்கா கம்பெனியோடு கூட்டுச் சேர்ந்து 1946-இல் நைஜீரியன் புருவரீஸை அமைத்தது.

இந்நாடுகள் விடுதலை பெற்ற பின்னும் ஆலைகளின் உடைமை பெரிதும் மாறவில்லை. இந்தோனேசிய ஆலை சுகர்ணோ ஆட்சியில் அரசின் கைக்குப் போனது. ஆட்சி மாறிய பின் 1967-இல் ஹைனெக்கன் திரும்பி வந்தது. கொடி மாறியது; பங்குப் பத்திரம் பழைய பெயரிலேயே நீடித்தது.

நிறுவனரின் பேரன் ஆல்ஃபிரட் ஹைனெக்கன், குடும்பத்தின் கையைவிட்டுப் போயிருந்த பெரும்பான்மைப் பங்கை 1954-இல் மீட்டார். அவர் தலைமையில் 1968-இல் உள்நாட்டுப் போட்டியாளரான ஆம்ஸ்டெல் வாங்கப்பட்டது. அவர் 2002-இல் மறைந்த பின், வாங்கிச் சேர்க்கும் வேகம் கூடியது. 2008-இல் கார்ல்ஸ்பெர்குடன் சேர்ந்து பிரித்தானியாவின் ஸ்காட்டிஷ் அண்ட் நியூகாசிலை வாங்கிப் பங்கிட்டுக்கொண்டது. அந்தப் பங்கீட்டில்தான் யுனைடெட் புருவரீஸின் 37.5 விழுக்காடு ஹைனெக்கன் கைக்கு வந்தது. இந்தியத் தொழிலாளர் எவரும் அறியாத ஒரு லண்டன் பேரம், அவர்களின் நிறுவன உடைமையை மாற்றிவிட்டது. 2010-இல் மெக்சிகோவின் ஃபெம்சா பீர் தொழில், 2012-இல் டைகரின் ஆசியா பசிபிக் புருவரீஸ் ஆகியவையும் சேர்ந்தன. இன்று 70-க்கும் மேற்பட்ட நாடுகளில் ஆலைகள், 300-க்கும் மேற்பட்ட பீர், சைடர் வகைகள், 80,000-க்கும் மேற்பட்ட ஊழியர்கள் என, ஏபி இன்பெவுக்கு அடுத்த இரண்டாவது பெரிய பீர் நிறுவனமாக அது நிற்கிறது.

கால் பங்கில் முழு அதிகாரம்

இவ்வளவு பெரிய அமைப்பின் கட்டுப்பாடு ஒரு குடும்பத்திடம் உள்ளது. ஹைனெக்கன் என்.வி. என்ற இயங்கும் நிறுவனத்தின் பாதிக்குச் சற்று மேற்பட்ட பங்குகள் ஹைனெக்கன் ஹோல்டிங் என்ற நிறுவனத்திடம் உள்ளன. அந்த ஹோல்டிங்கின் பெரும்பான்மைப் பங்குகள் லார்ஷ் கிரீன் என்ற குடும்ப நிறுவனத்திடம் உள்ளன. பாதியில் பாதி என்று கணக்கிட்டால், மொத்தப் பொருளாதாரப் பங்கில் சுமார் கால் பகுதியைக் கொண்டே குடும்பம் முழு அதிகாரத்தையும் செலுத்துகிறது. ஆல்ஃபிரடின் மகள் சார்லின் டி கர்வால்யோ-ஹைனெக்கன் அக்குடும்பத்தின் தலைமகள்.

இந்த அடுக்குகளுக்குக் கீழேதான் நாடுதோறும் உள்ள துணை நிறுவனங்கள் வருகின்றன. சட்டத்தின் பார்வையில் ஒவ்வொன்றும் தனி ஆள். ஈவுத்தொகை ஒவ்வொரு படியாக மேலேறுகிறது. வழக்கு மட்டும் கீழ்ப்படியிலேயே நின்றுவிடும். பன்னாட்டு நிறுவனச் சட்டத்தைப் படிக்கும் மாணவர்கள் முதலில் மனத்தில் இருத்தவேண்டிய உண்மை இது.

இரண்டு விலைக்கூட்டுகள்

போட்டியாளர்கள் இரகசியமாகக் கூடி விலையைப் பேசிவைப்பதைச் சட்டம் குற்றமாகக் கருதுகிறது. நெதர்லாந்தில் 1996 முதல் 1999 வரை நடந்த அத்தகைய கூட்டுக்காக, ஐரோப்பிய ஆணையம் 2007-இல் ஹைனெக்கனுக்கு 21.9 கோடி யூரோ அபராதம் விதித்தது. விசாரணை நீண்டுபோனதற்காக நீதிமன்றம் அதனைப் பின்னர் 19.8 கோடியாகக் குறைத்தது. அக்கூட்டில் இருந்த இன்பெவ் நிறுவனம் அப்ரூவராக மாறித் தண்டனையிலிருந்து தப்பியது.

இந்தியாவிலும் அதே காட்சி. 2009 முதல் 2018 வரை யுனைடெட் புருவரீஸ், கார்ல்ஸ்பெர்க் இந்தியா, இன்று ஏபி இன்பெவ் வசமுள்ள நிறுவனம் ஆகியவை கூட்டுச் சேர்ந்து செயல்பட்டதாக இந்தியப் போட்டி ஆணையம் 2021 செப்டம்பரில் முடிவு செய்தது. யுனைடெட் புருவரீஸுக்கு ஏறத்தாழ 752 கோடி ரூபாய் அபராதம். இங்கும் ஏபி இன்பெவ் தரப்பு தகவல் தந்து விலக்குப் பெற்றது. மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் 2022 டிசம்பரில் அம்முடிவை உறுதி செய்ய, வழக்கு உச்ச நீதிமன்றம் சென்றது.

அந்த ஆணையில் ஒரு பகுதியை நாம் தனியே கவனிக்கவேண்டும். மாநில அரசுகளிடம் விலை உயர்வு கோருவதில் மட்டுமன்றி, பழைய பாட்டில்களை வாங்குவதிலும் யுனைடெட் புருவரீஸும் ஏபி இன்பெவ் தரப்பும் ஒத்துப்பேசின என்கிறது ஆணையம். பீர் பாட்டில் கழுவப்பட்டு மீண்டும் நிரப்பப்படுவது. அது ஆலைக்குத் திரும்பும் வழி, தெருவிலும் குப்பைமேட்டிலும் பாட்டில் பொறுக்குபவரிடம் தொடங்கி, காயலான் கடை வழியாகப் பெரிய வியாபாரியை அடைகிறது. அந்தத் தொடக்கப் புள்ளியில் நிற்பவர்கள் எந்தச் சாதியினர் என்பதை நம் வாசகர்களுக்கு விளக்கவேண்டியதில்லை. சங்கிலியின் உச்சியில் வாங்குபவர்கள் பேசிவைத்துக்கொண்டால், அடியில் விற்பவருக்குப் பேரம் பேசும் இடம் இல்லாமற் போகும். அபராதம் அரசின் கருவூலத்துக்குரியது. பொறுக்கியவருக்கு அதில் ஒரு காசும் இல்லை. போட்டிச் சட்டத்தில் இழப்பீடு கோரும் வழி உண்டு. ஆனால் ரசீது இல்லாத உழைப்பின் இழப்பை எந்தக் கணக்கேட்டைக் காட்டி மெய்ப்பிப்பது?

புக்காவு தந்த பாடம்

கிழக்குக் காங்கோவின் புக்காவு நகரில் பிராலிமாவுக்கு ஓர் ஆலை உண்டு. உள்நாட்டுப் போரின்போது அப்பகுதி ஆர்.சி.டி.-கோமா என்ற கிளர்ச்சிப் படையின் பிடியில் இருந்தது. 1999 முதல் 2003 வரையிலான அக்காலத்தில் தொழிலாளர்கள் வேலைநீக்கம் செய்யப்பட்டனர். நிறுவனம் கிளர்ச்சியாளர்களுடன் ஒத்துழைத்து, சட்டப்படியான பாதுகாப்புகளை மீறித் தங்களை வெளியேற்றியது என்பது அவர்களின் குற்றச்சாட்டு.

பல ஆண்டுகள் உள்ளூரில் போராடிய பின், 168 முன்னாள் தொழிலாளர்கள் 2015 டிசம்பரில் நெதர்லாந்தின் தேசியத் தொடர்பு மையத்திடம் முறையிட்டனர். பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் வளர்ச்சிக்கான அமைப்பு, பன்னாட்டு நிறுவனங்களுக்கென 1976-இல் வகுத்த வழிகாட்டு நெறிகளை ஏற்ற ஒவ்வோர் அரசும் இத்தகைய மையத்தை நடத்தவேண்டும். அது நீதிமன்றம் அன்று. ஒரு தரப்பைக் கட்டாயப்படுத்தும் அதிகாரமும் அதற்கு இல்லை. அது செய்யக்கூடியது தாய் நிறுவனத்தைப் பேச்சுவார்த்தை மேசைக்கு அழைப்பது. ஹைனெக்கன் வந்தது. 2017 ஆகஸ்டில் உடன்பாடு ஏற்பட்டது. இழப்பீட்டுத் தொகையை இரு தரப்பும் வெளியிடவில்லை. அது பத்து இலட்சம் யூரோவுக்கு மேல் என்று ஊடகங்கள் எழுதின.

இந்த வெற்றி மிகத் தாமதமாக வந்தது. வரையறுக்கப்பட்ட வெற்றியும்கூட. போர் அப்பகுதியை விட்டு நீங்கவும் இல்லை. 2025 ஜூனில் கோமா, புக்காவு ஆலைகளின் மீதான கட்டுப்பாட்டை இழந்து ஊழியர்களைத் திரும்ப அழைத்துக்கொண்டதாக ஹைனெக்கன் அறிவித்தது. எனினும், கின்ஷாசாவில் உள்ள துணை நிறுவனத்தோடு பொறுப்பு முடிந்துவிடுகிறது என்ற வாதத்தைத் தாண்டி, ஆம்ஸ்டர்டாமை மேசைக்கு வரவழைத்தவர்கள் அந்த 168 பேர்.

நமக்குள்ள வழிகள்

இந்தியா மேற்சொன்ன வழிகாட்டு நெறிகளை ஏற்ற நாடன்று. காங்கோவும் அன்று. ஆனால் முறையீட்டுக்கு அது தடையில்லை; தாய் நிறுவனத்தின் நாடு ஏற்றிருந்தால் போதும். ஆகவே யுனைடெட் புருவரீஸின் ஆலைகளிலும் அதன் ஒப்பந்த, விநியோகச் சங்கிலியிலும் எழும் உரிமை மீறல்களுக்கு, நம் தொழிலாளர் நீதிமன்றங்களுடன் கூட, நெதர்லாந்தின் மையமும் 2021-க்குப் பின் தெளிவாகத் திறந்துள்ள ஒரு வழி. சாதி அடிப்படையிலான பாகுபாட்டைப் பன்னாட்டு நிறுவனங்களின் மனித உரிமைக் கடமையாக முன்வைக்க விரும்பும் சட்ட மாணவர்கள் ஆய்ந்து பயன்படுத்த வேண்டிய களம் இது.

சட்டத்துக்கு வெளியிலும் அழுத்தம் பலித்த சான்றுகள் உண்டு. இராணுவ ஆட்சியிலிருந்த மியன்மரிலிருந்து, புறக்கணிப்பு இயக்கங்களின் அழுத்தத்தால் 1996-இல் ஹைனெக்கன் வெளியேறியது. 2018-இல் ஒரு விளம்பரத்தில், கருப்பின மக்களைக் கடந்து சறுக்கிச் செல்லும் பீர் பாட்டில் வெளிர்நிறப் பெண்ணொருவரிடம் போய் நிற்க, 'வெளிர்மையே சில வேளை மேல்' என்னும் பொருள்பட ஒரு வாசகம் வந்தது. கண்டனம் எழுந்ததும் நிறுவனம் அதைத் திரும்பப் பெற்றது. நற்பெயரை விற்றே வாழும் நிறுவனம் நற்பெயருக்கு அஞ்சும்.

அதே வேளையில் இந்நிறுவனத்தின் வலிமையையும் குறைத்து மதிப்பிடலாகாது. 2025 ஜனவரியில், நிலுவைத் தொகையையும் விலை உயர்வு மறுக்கப்பட்டதையும் காரணம் காட்டி, தெலங்கானா அரசின் மதுபானக் கழகத்துக்கு பீர் அனுப்புவதை யுனைடெட் புருவரீஸ் நிறுத்தியது. அடுத்த மாதம் அங்கு 15 விழுக்காடு விலை உயர்வு கிடைத்தது. ஒரு மாநில அரசுடன் ஒரு மாதத்தில் பேசி முடிக்கத் தெரிந்த நிறுவனத்துக்கு, ஒப்பந்தத் தொழிலாளரின் நிலுவைக் கூலியைப் பேசி முடிக்க ஆண்டுகள் தேவையில்லை.

தொழிற்சங்கத் தோழர்களும் மாணவர்களும் ஒரு வழக்கத்தை மேற்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறோம். ஆலை வாயிலில் பெயர்ப்பலகையைப் படித்ததோடு நிற்காமல், அதன் ஆண்டறிக்கையில் பங்குதாரர் பட்டியலையும் படியுங்கள். இலாபம் எந்த ஊர்வரை போகிறதோ, அந்த ஊர்வரை நம் மனுவும் போகலாம்.