அண்ணன்மார் கதையில் வேட்டுவர்: இனக்குணக் கட்டமைப்பும் செருக்கின் இடமும்

ஆய்வுச்சுருக்கம்

கொங்கு வட்டார வாய்மொழிக் காப்பியமாகிய அண்ணன்மார் கதை, வேளாளரை நாயகராகவும் வேட்டுவரைப் பகைவராகவும் நிறுத்துகிறது. ஒரு குலத்துக்கு ஒரு குணம் என்னும் இவ்வமைப்பைக் கற்பனைப் பாத்திர விளையாட்டுகளின் விதிநூல்களோடு இக்கட்டுரை ஒப்பிடுகிறது. கதையில் செருக்கு குலத்தின் இயல்பாக அன்றி அதிகாரத்தின் விளைவாகவே வெளிப்படுகிறது என்பதை நிறுவ முயல்கிறது.

திறவுச்சொற்கள்: அண்ணன்மார் கதை, கொங்கு நாடு, வேட்டுவர், இனக்குணம், வாய்மொழிக் காப்பியம்

முன்னுரை

பொன்னர், சங்கர் என்னும் உடன்பிறந்தாரையும் அவர்தம் தங்கை அருக்காணித் தங்காளையும் பற்றிய கதை, இன்றைய திருப்பூர் மாவட்டத்துக் காங்கயம் பகுதி உள்ளிட்ட கொங்கு நாட்டில் உடுக்கடிப் பாட்டாக வழங்கி வருகிறது. 1965இல் காங்கயத்தை அடுத்த ஓலப்பாளையத்தில் மானிடவியலாளர் பிரெண்டா பெக் இதனை ஒலிப்பதிவு செய்தார். அப்பாடம் 1992இல் சென்னை ஆசியவியல் நிறுவனத்தின் வழி தமிழிலும் ஆங்கிலத்திலும் வெளிவந்தது. கவிஞர் சக்திக்கனலின் பதிப்பு அதற்கு முன்னரே 1971இல் வெளிவந்திருந்தது. மணப்பாறையை அடுத்த வீரப்பூரில் மாசித் திருவிழாவின்போது, படுகளத்தில் வீழ்ந்தோரின் பாத்திரத்தைப் பக்தர்களே ஏற்கின்றனர். கேட்போர் பங்கேற்போராகவும் மாறும் இக்கதையில் ஒரு குலம் எவ்வாறு சித்திரிக்கப்படுகிறது என்பது வெறும் இலக்கிய வினா அன்று. வேட்டுவக் கவுண்டர் இன்றும் இதே வட்டாரத்தில் வேளாண் தொழில் செய்து வாழும் சமூகத்தினர் ஆவர். கதையின் பகைவரைத் தம் முன்னோராகக் காண்போர், அதைப் பாடுவோருக்கு அண்டை வீட்டாராக இருக்கின்றனர்.

விதியாக்கப்பட்ட இனக்குணம்

குலத்துக்குக் குணம் வகுக்கும் போக்கின் வெளிப்படையான வடிவத்தை அமெரிக்காவில் 1974இல் வெளிவந்த டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விளையாட்டில் காணலாம். ஆடுவோர் ஒவ்வொருவரும் ஒரு கற்பனைப் பாத்திரத்தை ஏற்று, அதன் சார்பில் பேசியும் முடிவெடுத்தும் கதையை நகர்த்துவர். நீண்ட ஆயுள் கொண்ட எல்ஃப், சுரங்கம் தோண்டும் டுவார்ஃப் முதலானவை அதில் இனங்களாக வகுக்கப்பட்டன. 1978ஆம் ஆண்டு விதிநூலில், ஓர் இனம் மற்றோர் இனத்தின்மீது கொள்ளும் விருப்பு வெறுப்புகள் ஓர் அட்டவணையாகவே அச்சிடப்பட்டன. எல்ஃபுக்கும் டுவார்ஃபுக்கும் இடையிலான கசப்பு அதில் முன்கூட்டியே முடிவாகியிருந்தது. பிற இனத்தாரை இழிவாக நோக்கும் எல்ஃப் பாத்திரம், ஆடுவோரிடையே ஒரு வாய்பாடாகவே நிலைத்தது. பிறப்போடு உடல், மனத் திறன்களைப் பிணைக்கும் முறை பின்னர் கடும் விமரிசனத்துக்கு உள்ளானது. 2020இல் அம்முறை தளர்த்தப்பட்டது. 2024ஆம் ஆண்டுப் பதிப்பில் இனத்தைச் சுட்டிய பழைய சொல் நீக்கப்பட்டு, உயிரின வகையைக் குறிக்கும் சொல் இடம்பெற்றது.

காப்பியத்தில் குலமும் குணமும்

அண்ணன்மார் கதையிலும் இத்தகைய வகைப்பாடு உண்டு. உழவர் நிலத்தைப் பண்படுத்துவோர். வேட்டுவர் காட்டையும் கொம்பன் என்னும் காட்டுப்பன்றியையும் சார்ந்தோர். கம்மாளர் வஞ்சகத்துக்குத் துணைபோவோர். ஆயினும் பகை எங்கே தொடங்குகிறது என்பதை நோக்கினால் இவ்வகைப்பாடு குலைகிறது. ஓலப்பாளையப் பாடத்தின்படி, தங்கை விரும்பிய கிளிகளைப் பிடிக்க அண்ணன்மாரே வேட்டுவரின் காட்டுக்குள் நுழைகின்றனர். பெண்கிளி வலையில் சிக்குகிறது. தப்பிய ஆண்கிளி வேட்டுவப் பெண் வீரத்தங்காளிடம் முறையிடுகிறது. உழவரின் விளைநிலத்துக்கு அழிவு வருவது இதன் பின்னரே. ஆகவே முதல் அத்துமீறல் நாயகர் தரப்பினுடையது.

செருக்கும் அவ்வாறே. சங்கரின் நாய்களுள் மிகச் சிறியதான பொன்னாச்சி, பன்றி வேட்டைக்கு அழைக்கப்படாமல் விடப்படுகிறது. அதன் சினத்தால் வேட்டை தடைப்படுகிறது. பின்னர் மதித்து அழைத்து வரப்பட்ட அந்த நாயின் கடியே கொம்பனின் வீழ்ச்சிக்கு வழி திறக்கிறது. நாயகரின் தந்தை குன்னுடையான் சிறுவயதில் துன்புற்றதும் வேட்டுவரால் அன்று, தன் பங்காளிகளாலேயே. இறுதியில் அண்ணன்மார் பகைவர் கையால் அன்றித் தம் வாளாலேயே மாள்கின்றனர். பிறரை இழிவாக நோக்கும் மனப்பாங்கு வலிமை உடையாரிடம், அவர் எக்குலத்தாராயினும், தோன்றுவதாகவே இந்நிகழ்ச்சிகள் உணர்த்துகின்றன.

இதனால் காப்பியம் சமன்மையான நோக்குடையது என்று முடிவு செய்துவிட இயலாது. வீரத்தங்காளின் துயரம் பாடப்படினும் கதை அவள் பக்கம் நிற்பதில்லை. கம்மாளரின் வஞ்சகத்துக்கு எதிரான மறுகுரலும் வலுவாக இல்லை. ஆனால் மறுகுரல் எழும் இடங்கள் யாவும் கிளைநிகழ்ச்சிகளாகவே அமைந்துள்ளன என்பது கருதத்தக்கது. கதையைச் சில பக்கங்களில் சுருக்குவோர் முதலில் விட்டுவிடுவது கிளியையும் நாயையுமே. அவை நீங்கியபின் எஞ்சுவது நல்ல குலமும் தீய குலமும் பொருதும் கதை மட்டுமே. அது 1978ஆம் ஆண்டின் அட்டவணையினின்று பெரிதும் வேறுபட்டதன்று.

முடிவுரை

விளையாட்டின் விதிநூல் பெயரை மாற்றித் தன்னைத் திருத்திக்கொள்ள முயன்றது. வாய்மொழிக் காப்பியத்துக்கு அத்தகைய திருத்தம் தேவையில்லை; அதன் முழுப்பாடத்தில் திருத்தம் ஏற்கெனவே உள்ளது. ஆகவே கதைச்சுருக்கத்தைச் சான்றாகக் கொண்டு கொங்குச் சமூகங்களின் இயல்பை விளக்கும் ஆய்வுமுறை தவிர்க்கப்பட வேண்டும். இவ்வெச்சரிக்கை பழங்கதைக்கு மட்டும் உரியதன்று. பின்னலாடைத் தொழிலால் பல மாநிலத்தார் கூடி வாழும் திருப்பூரில், புலம்பெயர் தொழிலாளர் தாக்கப்படுவதாக 2023 மார்ச்சில் பரவிய பொய்க் காணொளிகள் பெரும் அச்சத்தை விளைவித்தன. ஒரு கூட்டத்தாருக்கு ஒரு குணம் என்னும் எண்ணம் முன்பே வேரூன்றிய இடத்தில் இத்தகைய பொய்களை நம்பச் சான்று தேவைப்படுவதில்லை. கிளியையும் நாயையும் விடாமல் கதையைக் கேட்கும் பழக்கம் அவ்வெண்ணத்தை ஐயுறக் கற்பிக்கும்.