தோஷம் பார்த்து வளர்த்த வைரம்

1997-இல் ஜெர்மனியின் கெம்னிட்ஸ் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் ஒரு குழு வைரத்துக்குள் தேடியது இரண்டே அணு இடம் கொண்ட தோஷத்தை. கார்பன் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு நைட்ரஜன். அதை ஒட்டி, அணுவே இல்லாத ஒரு காலியிடம். (மதுரைக் கடைத்தெருவைச் சொல்லும் சிலப்பதிகாரம் காகபாதம் முதலாக நான்கு வைரக் குற்றங்களை எண்ணுகிறது, இது அந்தக் கணக்கில் வராதது.) இந்த ஜோடியை ஆய்வாளர்கள் முன்பே அறிவார்கள். ஆனால் ஒற்றைத் தோஷத்தைத் தனியே பார்த்து, அதன் காந்த ஒத்ததிர்வையும் அளந்தது யோர்க் ராக்ட்ரப் இடம்பெற்ற அந்தக் குழுதான். அதுவும் சாதாரண அறை வெப்பநிலையில்.

பச்சை லேசர் பட்டால் தோஷம் சிவப்பாக ஒளிரும். கூடவே நுண்ணலையின் அதிர்வெண்ணை மாற்றிக்கொண்டே போனால், 2.87 கிகாஹெர்ட்ஸில் அந்தச் சிவப்பு சற்றே மங்கும். அருகில் காந்தம் இருந்தால் ஒரு மங்கல் இரண்டாகப் பிரியும். தோஷத்தின் அச்சில் 1 மில்லிடெஸ்லா புலம் இருந்தால் இடைவெளி சுமார் 56 மெகாஹெர்ட்ஸ்.

இதை வைத்து நானோ அளவில் காந்தம் அளக்கலாம் என்று செய்தே காட்ட மேலும் 11 ஆண்டுகள் ஆயின. 2008 அக்டோபரில் ‘நேச்சர்’ ஒரே இதழில் இரண்டு கட்டுரைகளை வெளியிட்டது. ஒன்று ஹார்வர்டில் மிகைல் லுகின் குழுவினுடையது. மற்றது ஸ்டுட்கார்ட்டுக்குப் போயிருந்த ராக்ட்ரப் குழுவினுடையது. இரண்டாவதில் முதல் பெயர் கோபாலகிருஷ்ணன் பாலசுப்ரமணியன்.

லேசர் பிடித்தவர்களுக்குக் கிடைத்த புகழில் பாதியாவது வைரம் வளர்த்தவர்களுக்குச் சேர வேண்டும். இயற்கைக் கார்பனில் 1.1 சதவீதம் கார்பன்-13. அதன் அணுக்கரு ஒவ்வொன்றும் ஒரு குட்டிக் காந்தம். பக்கத்தில் இருந்துகொண்டு, தோஷத்தின் எலக்ட்ரான்களுக்குள்ள தற்சுழற்சியைக் (ஸ்பின்) கலைத்துவிடும். வாயுவிலிருந்து அடுக்கடுக்காக வைரம் வளர்க்கும்போதே கார்பன்-13-ஐப் பெருமளவு விலக்கினார்கள். 2009-இல் தற்சுழற்சி அறை வெப்பநிலையிலேயே 1.8 மில்லிவிநாடி கலையாமல் நின்றது. கேட்கச் சொற்பம்தான், நுண்ணிய புலங்களை அளக்க அது நீண்ட அவகாசம்.

அடுத்தது தூரம். குட்டிக் காந்தத்தை விட்டு இரு மடங்கு விலகினால் புலம் எட்டில் ஒன்றாகிவிடும். ஆகவே உணரி பொருளை உரசாத குறையாக நிற்க வேண்டும். 2012-இல் ஹார்வர்டில் பேட்ரிக் மலெடின்ஸ்கியும் சகாக்களும் வைரத்தையே மெல்லிய தூணாகச் செதுக்கி, அதன் நுனிக்கருகில் ஒற்றைத் தோஷத்தை அமைத்தார்கள். பின்னர் பாசலில் அவரது குழு அத்தகைய நுனியால் குரோமியம் டிரைஅயோடைடின் அணுத்தடிமன் ஏடுகளைத் தடவியது. 2019-இல் வெளியான முடிவு விசித்திரமானது: ஒற்றைப்படை அடுக்குகளில் ஓரடுக்கின் காந்தம், இரட்டைப்படையில் ஏறக்குறைய ஒன்றுமில்லை.

நுனியே தேவைப்படாத வேலையும் உண்டு. 1940-இல் இன்றைய மத்தியப் பிரதேசத்தில் விழுந்த செமர்கோனா விண்கல்லின் சீவல்களை வைரத்தின்மேல் வைத்து, காந்தம் எந்தத் துகளில் தங்கியிருக்கிறது என்று வரைபடம் எடுத்தார்கள். ஸ்க்விட் என்னும் மீக்கடத்திக் காந்தமானியின் அளவீடுகளையும் சேர்த்து 2014-இல் வெளியான கணக்கின்படி, கோள்கள் உருவாகும் முன் சூரியனைச் சுற்றியிருந்த வாயு வட்டில் காந்தப்புலம் சுமார் 54 மைக்ரோடெஸ்லா. இன்றைய பூமியின் புலத்துக்கு நெருங்கிய அளவு.