கணித மதிப்பெண்ணும் கல்லூரி வாயிலும்

நம் காலனிப் பிள்ளைகளுள் சிலர் பொறியியல் பயிலத் தாயகக் கல்லூரிகளை நாடுகின்றனர். அங்குச் சேர்க்கை முறை வளர்ந்த வரலாற்றைப் பெற்றோர்க்குச் சுருங்கக் கூற விழைகின்றோம்.

தமிழ்நாட்டில் மேல்நிலைக் கல்வி 1978இல் தோன்றியது. தொழிற்கல்விக்கு நுழைவுத் தேர்வு 1984இல் வந்தது. பின்னாளில், பள்ளி மதிப்பெண் 200, நுழைவுத் தேர்வு 100 எனக் கூட்டி, 300க்குத் தரவரிசை கண்டனர். பயிற்சி நிலையங்களோ நகரங்களிலேயே பெருகின. சிற்றூர் ஏழை மாணவர் பின்தங்கினர். ஆகவே 2007இல் அத்தேர்வு நீக்கப்பெற்றது.

அன்று முதல் பொறியியலுக்குப் பள்ளி மதிப்பெண்ணே அளவுகோல். கணிதத்திற்கு 100, இயற்பியல், வேதியியலுக்குத் தலைக்கு 50; ஆக 200. இருவர் சமமாக நின்றால், கணித மதிப்பெண்ணே முதலில் நோக்கப்படும்.

முறைகள் மாறின, கணிதத்தின் இடம் மாறவில்லை. பன்னிரண்டாம் வகுப்பில் கடன் வாங்கித் தனிப்பயிற்சிக்கு அனுப்புவதினும், ஆறாம் வகுப்பிலேயே பின்னமும் விகிதமும் பிழையறக் கற்பித்தல் நன்று. நம்முள் கணக்கறிந்தோர் மாலைதோறும் ஒரு மணி நேரம் பிள்ளைகளோடு அமர்வாராயின், பொருள்வசதியற்ற வீட்டுப் பிள்ளைக்கும் கல்லூரி வாயில் திறக்கும். சங்கம் இதனை மேற்கொள்ளுமாக!