பெயர் பறிக்கப்பட்ட குலம்

ஸ்கொட்லாந்தின் மலைநாட்டுக் குலங்களைக் 'கிளான்' என்பர். கேலிக் மொழியிலே அச்சொல்லுக்குப் 'பிள்ளைகள்' என்பது பொருள். பெற்ற பிள்ளைகளையும் ஊரவரையும் 'மக்கள்' என்ற ஒரே சொல்லாற் சுட்டும் நமக்கு இது புதுமையன்று. அக்குலங்களுள் ஒன்று மக்கிரெகர் குலம். 'கிரெகரின் மகன்' என்பதே அப்பெயர்.

மக்கிரெகர்கள் வாளால் நிலங்காத்தவர்கள். அவர்களுடைய அயலவரான காம்பெல்களோ அரசனிடம் உறுதி பெற்று நிலத்தைத் தமதாக்கினர். இப்பகையிலே 1570 இல் குலத்தலைவன் கிரெகர் தலை வெட்டுண்டு இறந்தான். அவன் மனைவி மரியன், காம்பெல் குலத்துப் பெண். கணவனைக் கொன்றவர்கள் அவளுடைய சொந்த இனத்தவர். கைக்குழந்தையைத் தாலாட்டியபடி அவள் கணவனுக்காகப் பாடியதென வழங்கும் பாடல் இன்றும் கேலிக் மக்களிடையே பாடப்படுகின்றது. தாலாட்டையும் ஒப்பாரியையும் வெவ்வேறு பாடங்களாகக் கற்பித்துவரும் எனக்கு, இரண்டும் ஒன்றான அப்பாடல் பெருவியப்பைத் தந்தது.

அவள் மகன் அலஸ்டேர் பின்னர் தலைவனானான். 1603 பெப்ரவரியில் கிளென் புரூயின் என்னுமிடத்தில் அவன் படை கொல்கூன் குலத்தாரை வென்று பலரைக் கொன்றது. ஏப்ரல் மாதம் ஆறாம் ஜேம்ஸ் மன்னனின் ஆலோசனைச் சபை மக்கிரெகர் என்ற பெயரையே ஒழித்தது. அப்பெயரை விடாதோருக்கு மரண தண்டனை. மறு ஆண்டு அலஸ்டேர் எடின்பரோவில் தூக்கிலிடப்பட்டான்.

1661 இல் தடை நீங்கிற்று. 1693 இல் மீண்டும் வந்தது. வோல்ற்றர் ஸ்கொட்டின் நாவலாற் புகழ்பெற்ற றொப் றோய் (1671–1734) இக்குலத்தவனே. அவன் தன் தாய்வழிப் பெயரான காம்பெல் என்பதைச் சூடிக்கொண்டான். பகைவரின் பெயரே அவனுக்குப் புகலிடமாயிற்று!

1774 இல் சட்டம் முற்றாக நீக்கப்பட்டது. பின்னர் 826 பேர் ஒப்பமிட்டு ஜோன் மரே என்பவரைத் தலைவராக ஏற்றனர். அந்நாளில் அவரும் வேறு பெயரையே தாங்கியிருந்தார்.

இக்குலத்துக்கு இன்னொரு பெருமையும் உண்டு. பதினாறாம் நூற்றாண்டின் முற்பாதியிலே ஜேம்ஸ் மக்கிரெகர் என்ற மதகுரு பழைய கேலிக் பாடல்களைத் தொகுத்தெழுதினார். லிஸ்மோர் குருமுதல்வரின் ஏடு எனப்படும் அத்தொகுப்பிலே பெண்பாற் புலவர் பாடல்களும் உள்ளன. எடின்பரோவில் உள்ள தேசிய நூலகம் இன்று அதனைப் போற்றிக் காக்கின்றது.

சட்டத்தாற் பெயரை அழிக்க முயன்றோர் ஏட்டையும் தாலாட்டையும் எண்ணிப் பார்க்கவில்லை. குலம் அவற்றிலும் வாழ்ந்துகொண்டிருந்தது.