மன்னன் மறைவும் மக்கள் மனமும்

பிறந்தவர் இறத்தல் உலகியற்கை. குடிசையில் வாழ்ந்தவனுக்கும் கோட்டையில் வாழ்ந்தவனுக்கும் இந்நியதியில் யாதொரு வேறுபாடுமில்லை. ஆயினும், குடிசையில் நிகழும் மரணம் உற்றாரும் அயலாரும் அறிந்ததோடு அமைந்துவிடுகின்றது. முடிமன்னனின் மரணமோ செய்தியாகி, நாடெங்கும் பரந்து, ஈற்றில் வரலாறாகின்றது. மரணம், செய்தி, வரலாறு என்னும் இம்மூன்றும் ஒன்றுபோலத் தோன்றினும் ஒன்றல்ல. நிகழ்ந்தது நிகழ்ந்தவாறே செய்தியாவதில்லை. செய்தியாய் வந்தது வந்தவாறே வரலாற்றில் நிலைப்பதுமில்லை. பிரித்தானிய முடிமன்னர் சிலரின் மறைவைப் பத்திரிகைகளும் வானொலியும் பொதுமக்களும் எவ்வாறு எதிர்கொண்டனர் என்பதை நோக்குவோர்க்கு இவ்வுண்மை நன்கு புலனாகும். அவற்றுள்ளும் 1936ஆம் ஆண்டில் மறைந்த ஐந்தாம் ஜோர்ஜ் மன்னரின் வரலாறு தனித்தன்மை வாய்ந்தது. ஆதலின் அதனையே நாம் இங்கு சற்று விரிவாக ஆராய முற்படுகின்றோம்.

முடியாட்சிக்குப் பேர்போன இங்கிலாந்தில் மன்னன் இறந்தால் மக்கள் யாவரும் கண்ணீர் சொரிவர் என்று எண்ணத் தோன்றும். முற்காலத்தில் அவ்வாறிருக்கவில்லை. நான்காம் ஜோர்ஜ் மன்னர் 1830ஆம் ஆண்டு யூன் 26ஆந் திகதி வின்ட்சர் மாளிகையில் இறந்தார். அவர் ஆடம்பரத்தாற் பொதுப் பணத்தை விரயஞ் செய்தவர். தம் முடிசூட்டு விழாவுக்கு வந்த மனைவி கரோலினை உள்ளே வரவிடாது வாயிலிலேயே திருப்பியனுப்பச் செய்தவர். அவர் இறந்து சில வாரங்களுக்குள் இலண்டன் 'ரைம்ஸ்' பத்திரிகை, இவரைப்போல் எவருடைய வருத்தத்தையும் பெறாது மாண்டவர் வேறிலர் என்னுங் கருத்துப்பட எழுதிற்று. அரசன் இறந்தமையால் அவன் குற்றமும் உடன் இறந்துவிடாது என்பதே அக்காலப் பத்திராதிபரின் கொள்கைபோலும்!

எழுபது ஆண்டுகளில் இந்நிலை முற்றாக மாறிற்று. அறுபத்துமூன்று ஆண்டுகள் ஆட்சிபுரிந்த விக்ரோறியா மகாராணியார் 1901ஆம் ஆண்டு சனவரி 22ஆந் திகதி மாலை, வைற் தீவிலுள்ள ஒஸ்போண் மாளிகையிற் காலமானார். வாயிலிற் காத்துநின்ற பத்திரிகை நிருபர்கள் செய்தி கேட்டதும், தந்தி அனுப்பும் பொருட்டுத் துவிச்சக்கர வண்டிகளில் ஏறிக் கௌஸ் பட்டினத்தை நோக்கி விரைந்தனர். மறுநாட் பத்திரிகைகள் கறுத்தக் கரையிட்டு வெளிவந்தன. குடிமக்களுட் பெரும்பாலோர் வேறோர் அரசரை அறியாதவர்கள். ஆதலால் ஒரு யுகமே முடிந்ததென அவர்கள் உணர்ந்தமை வியப்பன்று.

இம்மாற்றத்துக்குக் காரணங்கள் மூன்று கூறலாம். முதலாவது, 1870ஆம் ஆண்டின் கல்விச் சட்டத்தின்பின் எழுத்தறிவு சாதாரண மக்களிடையே விரைந்து பரவியது. இரண்டாவது, பத்திரிகை வரிகள் நீங்கியமையால் மலிவான பத்திரிகைகள் தோன்றின; 1896இல் ஆரம்பமான 'டெயிலி மெயில்' அரைப் பென்சுக்கு விற்கப்பட்டது. மூன்றாவது, கட்சி அரசியலிலிருந்து முடியரசர் படிப்படியாக விலகினர். அதிகாரம் சுருங்கச் சுருங்க அவர்மீதிருந்த பகைமையுஞ் சுருங்கிற்று, மரியாதை வளர்ந்தது. ஆளும் மன்னனைக் கண்டித்த பத்திரிகைகள், அடையாளமாய் அமைந்த மன்னனைப் போற்றத் தொடங்கின.

இனி ஐந்தாம் ஜோர்ஜ் மன்னரிடம் வருவோம். இவர் காலத்தில் வானொலி என்னும் புதிய சாதனம் தோன்றிவிட்டது. 1932ஆம் ஆண்டு நத்தார் தினத்தன்று இவர் வானொலியில் மக்களை விளித்துப் பேசினார். நாணயத்திலும் முத்திரையிலும் முகம் மாத்திரமே கண்ட மன்னரின் குரலை ஏழை எளியோரும் தத்தம் வீட்டிலிருந்தே கேட்டனர். 1935ஆம் ஆண்டு மே மாதத்தில் அவருடைய வெள்ளிவிழா வெகு விமரிசையாக நடைபெற்றது. ஒன்பது மாதங்கள் கழியுமுன் அவர் மரணப்படுக்கையில் வீழ்ந்தார்.

1936ஆம் ஆண்டு சனவரி நடுப்பகுதியில், நோர்போக் மாகாணத்துச் சான்றிங்ஹாம் மாளிகையில் மன்னர் சுவாச நோயினாற் படுக்கையுற்றார். வைத்தியர்களின் அறிக்கைகள் நாடோறும் வெளிவந்தன. 20ஆந் திகதி இரவு, தலைமை வைத்தியராகிய டோசன் பிரபு உணவுப் பட்டியல் அட்டையொன்றை எடுத்து, அதன்மீது ஒரு சிறு வாக்கியத்தை எழுதினார். மன்னரின் வாழ்வு அமைதியாகத் தன் முடிவை நோக்கிச் செல்கின்றது என்பதே அதன் பொருள். பி.பி.சி. நிலையம் ஏனைய நிகழ்ச்சிகளை நிறுத்திவிட்டு, ஸ்ருவாட் ஹிபேட் என்னும் அறிவிப்பாளரின் வாயிலாக அவ்வாக்கியத்தையே கால் மணிக்கொரு தடவை ஒலிபரப்பியது. நாடு முழுவதும் ஒரு நோயாளியின் கட்டிலருகே அமர்ந்திருந்தது போன்ற நிலை அன்று ஏற்பட்டது. உலக வரலாற்றில் இஃதொரு புதுமையாகும்.

இரவு 11 மணி 55 நிமிடத்தில் மன்னரின் உயிர் பிரிந்தது. இலங்கையில் அப்பொழுது 21ஆந் திகதி விடியற்காலை 5 மணி 25 நிமிடம். பி.பி.சி.யின் தலைவராகிய சேர் ஜோன் றீத் தாமே ஒலிவாங்கியின் முன் வந்து செய்தியை அறிவித்தார். காலையில் 'ரைம்ஸ்' பத்திரிகை முறைப்படி வெளிவந்தது. அமைதியான மரணம், கண்ணியமான அறிவிப்பு, ஆறாத் துயரில் ஆழ்ந்த மக்கள் என யாவும் ஒழுங்காகவே அமைந்தன.

அவ்வொழுங்கு இயற்கையாய் அமைந்ததன்று என்பது ஐம்பது ஆண்டுகள் கழிந்த பின்னரே உலகுக்குத் தெரியவந்தது. டோசன் பிரபுவின் வாழ்க்கை வரலாற்றை எழுதிய பிரான்சிஸ் வற்சன் என்பவர், அவ்வைத்தியரின் சொந்தக் குறிப்புகளை 1986ஆம் ஆண்டில் வெளியிட்டார். அன்றிரவு 11 மணியளவில், டோசன் தம் கையாலேயே முக்கால் கிரேன் மோபியாவையும், பின்னர் ஒரு கிரேன் கொக்கேயினையும் மன்னரின் கழுத்து நரம்பில் ஏற்றினார் என்பது அக்குறிப்புகளால் விளங்குகின்றது. நோய் தீராது என்று கண்டபின் உயிரை வீணே நீட்டிக்க வேண்டியதில்லை என அரசியாரும் பட்டத்திளவரசரும் முன்னர்க் கூறியிருந்தனர் என்பது உண்மையே. ஆயினும் இவ்வூசி மருந்துபற்றி அவர்களிடம் கேட்கப்படவில்லை.

டோசன் ஏன் இவ்வாறு செய்தார்? நீடித்த காத்திருப்பு மன்னரின் கண்ணியத்துக்கு ஏற்றதன்று. குடும்பத்தினருக்குந் தாங்கொணாதது என்பது அவர் கூறிய ஒரு காரணம். இதனை இரக்கம் என்று கொள்வாருமுளர். ஆனால் மற்றொரு காரணத்தையும் அவர் எழுதிவைத்துள்ளார். மரணச் செய்தி மாலைப் பத்திரிகைகளில் அன்றி, மதிப்பு வாய்ந்த காலைப் பத்திரிகைகளிலேயே முதலில் வெளிவரவேண்டும் என்பதே அது! இலண்டனிலிருந்த தம் மனைவியுடன் தொலைபேசியிற் பேசி, 'ரைம்ஸ்' பத்திரிகை அச்சிடுதலைச் சற்றுத் தாமதிக்குமாறு அவர் சொல்லியனுப்பினார். அச்சு இயந்திரத்தின் நேரத்துக்கு அமைய ஓர் உயிரின் நேரம் குறிக்கப்பட்டது. மன்னனுக்காகப் பத்திரிகை காத்திருந்தது ஒருபுறமிருக்க, பத்திரிகைக்காக மன்னனும் விரைந்து செல்ல நேர்ந்தது. இதனினும் விந்தை யாதெனில், அச்செய்தியை முதலில் மக்களுக்குச் சொன்னது காலைப் பத்திரிகையுமன்று, மாலைப் பத்திரிகையுமன்று; நள்ளிரவு வானொலியே. எந்தப் பெருமையைக் காக்க டோசன் முயன்றாரோ, அப்பெருமை அன்றைக்கே கைமாறிவிட்டது.

மன்னரின் இறுதி வார்த்தைகளும் இவ்வாறே ஆயின. பேரரசின் நலத்தை அவர் செயலாளரிடம் வினவினார் என்று பிரதமர் போல்ட்வின் வானொலியில் நாட்டுக்குக் கூறினார். டோசனின் குறிப்புகளோ, மயக்க மருந்து கொடுத்த தாதியை மன்னர் சினந்து கூறிய ஒரு சொல்லையே இறுதிச் சொல்லாகக் காட்டுகின்றன. முன்னது மன்னனுக்கு ஏற்றது. பின்னது மனிதனுக்கு இயல்பானது. நாடு அறிந்துகொண்டது முன்னதை மாத்திரமே.

எனின், மக்கள் கொண்ட துயரம் பொய்யானதா? அன்று என்பதே நம் துணிபு. வெஸ்ற்மினிஸ்ரர் மண்டபத்தில் மன்னரின் பேழை வைக்கப்பட்ட நாட்களில் எட்டு இலட்சத்துக்கு மேற்பட்டோர் மாரிக்காலக் குளிரையும் பொருட்படுத்தாது வரிசையில் நின்று அஞ்சலி செலுத்தினர். அவர்களை எந்தப் பத்திராதிபரும் வற்புறுத்தி அழைத்துவரவில்லை. முதல் உலக யுத்தத்தில் மைந்தரை இழந்தோரும், வேலையில்லாத் திண்டாட்டத்தில் வாடியோரும் அவர்களுள் இருந்தனர். அவ்வெல்லாக் காலத்தும் மாறாதிருந்த ஒரு முகத்துக்கு அவர்கள் விடைகொடுக்க வந்தனர். அறிக்கையில் ஒப்பனை இருந்திருக்கலாம். அவ்வரிசையில் ஒப்பனை இருக்கவில்லை.

இதன்பின் நிகழ்ந்த இரு மறைவுகளையுஞ் சுருங்கக் கூறுவோம். ஆறாம் ஜோர்ஜ் மன்னர் 1952ஆம் ஆண்டு பெப்ரவரி 6ஆந் திகதி அதிகாலையில் நித்திரையிலேயே காலமானார். வைத்தியரும் பத்திராதிபரும் நேரங் குறிக்க அங்கு இடமிருக்கவில்லை. அவ்வேளை கெனியாவிலிருந்த மகள் எலிசபெத்துக்கு அரண்மனையின் தந்தி உரிய காலத்திற் கிடைக்கவில்லை. ஒரு பத்திரிகை நிருபர் மூலமே அவருடைய செயலாளர் செய்தியை முதலில் அறிந்தார். அரச தந்தியை நிருபரின் செய்தி முந்திவிட்டது. இலங்கை அப்பொழுது டொமினியன் அந்தஸ்துப் பெற்றிருந்தமையால், எலிசபெத்து இலங்கைக்கும் அரசியானார். 1972ஆம் ஆண்டு மே 22ஆந் திகதி நம் நாடு குடியரசாகும்வரை அந்நிலை நீடித்தது.

அவ்வரசியார் 2022ஆம் ஆண்டு செப்ரெம்பர் 8ஆந் திகதி ஸ்கொற்லாந்திலுள்ள பல்மோறல் மாளிகையில் மறைந்தார். மதியம் வைத்தியர்களின் கவலை பற்றிய அறிக்கை வெளிவந்தது. தொலைக்காட்சி அறிவிப்பாளர் கறுத்த உடையில் தோன்றினர். மாலை 6 மணி 30 நிமிடத்தில் மரணம் அறிவிக்கப்பட்டது. உயிர் பிரிந்தது பிற்பகல் 3 மணி 10 நிமிடம் என்பதைப் பின்னர் வெளியான மரண அத்தாட்சிப் பத்திரம் காட்டிற்று. ஏறத்தாழ இரண்டரை இலட்சம் மக்கள் தேம்ஸ் நதிக்கரையில் மைல்கணக்காக நீண்ட வரிசையில் நின்று அஞ்சலி செலுத்தினர். அதே நாட்களில், முடியாட்சியை எதிர்த்துக் குரலெழுப்பிய சிலர் பொலிசாரால் தடுக்கப்பட்டனர். முன்னாட் குடியேற்ற நாடுகளிற் பழைய வடுக்களை நினைவூட்டியோரும் உளர். 1830இல் ஒரு பத்திரிகை துணிந்து எழுதியதை, 2022இல் ஒருவர் தெருவில் நின்று சொல்லவும் இடர்ப்பட நேர்ந்தது என்பது சிந்திக்கத்தக்கது.

இவற்றிலிருந்து நாம் அறியத்தக்கது யாது? பெரியோர் மறைந்த வேளையில் அடக்கமாக எழுதுதல் பண்பு. அப்பண்பை நாம் இகழவில்லை. ஆனால் அடக்கம் வேறு, மறைப்பு வேறு. இறந்தவரின் புகழைக் காப்பதற்கென்று தொடங்கும் மறைப்பு, எங்கே சென்று முடியும் என்பதற்கு டோசன் பிரபுவின் ஊசியே சான்று. காலைப் பத்திரிகையின் ஒரு பந்தி அழகாக அமையவேண்டும் என்பதற்காக ஒரு மனிதனின் எஞ்சிய மணித்துளிகள் பறிக்கப்பட்டன. அம்மனிதன் ஒரு பேரரசின் அதிபதி! அவருக்கே அந்நிலையெனில் எளியோர் நிலை என்னாவது?

நம் சமூகத்திலும் பெரியோர் மறைகின்றனர், நினைவு மலர்கள் வெளிவருகின்றன, இரங்கலுரைகள் பெருகுகின்றன. அவற்றை எழுதும் பணி நாளை இளைஞராகிய நம் கைகளுக்கே வரும். கண்ணீரை மதிப்போம், அது மக்களுடையது. அறிக்கையை ஆராய்வோம், அது யாரோ ஒருவர் எழுதியது. ஐம்பது ஆண்டுகள் பெட்டிக்குள் மறைந்திருந்த குறிப்பும் ஒருநாள் வெளிவந்தே தீரும் என்பதை நினைவிற்கொண்டு எழுதுவோமாயின், இறந்தாரையும் இருப்பாரையும் ஒருங்கே மதித்தவராவோம்.