கழற்றிய பேஸ்மேக்கரும் திண்டுக்கல் நோயாளியும்

இதயத் துடிப்பு நிமிடத்துக்கு முப்பது என்று இறங்கி, நின்ற இடத்திலேயே மயங்கி விழுபவரை மாத்திரையால் நெடுநாள் காப்பாற்ற முடியாது. அவருக்குப் பேஸ்மேக்கர் வேண்டும். திண்டுக்கல் பக்கத்துக் கிராமங்களில் 'நெஞ்சுல பேட்டரி வச்சிருக்கு' என்பார்கள். சொல் பிழையில்லை. தீப்பெட்டி அளவிலான டைட்டானியம் கூட்டுக்குள் பெரும் இடத்தை அடைப்பது பேட்டரிதான். காறை எலும்புக்குக் கீழே, தோலுக்கு அடியில் அதைப் பதித்து, இரத்தக்குழாய் வழியே ஒயரை இதயத்துக்குள் இறக்குவார்கள்.

உடலுக்குள் முழுதாகப் பொருத்தப்பட்ட முதல் பேஸ்மேக்கர் 1958 அக்டோபர் 8 அன்று ஸ்வீடனின் கரோலின்ஸ்கா மருத்துவமனையில் வைக்கப்பட்டது. சில மணி நேரமே ஓடியது. அதைப் பெற்ற ஆர்னே லார்சன் 26 கருவிகளை மாற்றிக்கொண்டு 2001 வரை வாழ்ந்தார். தொடக்க காலப் பாதரச பேட்டரிகள் இரண்டு மூன்று ஆண்டுகளில் தீர்ந்துவிடும். அவற்றைக் கழற்றி இன்னொருவருக்கு வைப்பதில் பெரிய பொருள் இல்லை. 1970களில் லித்தியம்-அயோடின் பேட்டரி வந்தபின் கணக்கு மாறியது. வயதான ஒருவர் கருவி வைத்த மறு ஆண்டே இறந்தால், இன்னும் ஏழெட்டு ஆண்டு ஓடக்கூடிய பேட்டரி அவரோடு சுடுகாட்டுக்குப் போகும்.

போகவும் கூடாது. தகன அடுப்பின் சூட்டில் இந்த பேட்டரி வெடிக்கும். பிரிட்டனில் 1970களிலேயே இது பதிவாகியிருக்கிறது. அதனால் எரிப்பதற்கு முன் கழற்றுவது மேலைநாடுகளில் வழக்கமாயிற்று. கழற்றியவை மேசை இழுப்பறைகளில் சேர்ந்தன. மறுபயன்பாட்டுக்காக ஏழை நாடுகளுக்குப் போன கருவிகளில் பல இப்படிச் சேர்ந்தவையே. கனடாவின் மாண்ட்ரியல் நகரில் 1983 முதல் இதற்கென ஒரு திட்டமே நடந்தது.

இந்தியாவில் கொல்கத்தா மருத்துவர்கள் 1990களிலேயே தங்கள் அனுபவத்தை வெளியிட்டார்கள். அதிகம் பேசப்பட்டது மும்பை பாந்த்ராவின் ஹோலி ஃபேமிலி மருத்துவமனை. அமெரிக்கச் சவ அடக்க நிலையங்களில் குடும்பத்தார் தானமாகத் தந்த கருவிகள் அங்கு 53 ஏழை நோயாளிகளுக்குப் பொருத்தப்பட்டன. அதிர்ச்சி தந்து இதயத்தைச் சீராக்கும் ஐ.சி.டி. கருவிகளிலும் இதே முயற்சி நடந்தது. 81 பேருக்கு 106 கருவிகள். சராசரியாக இரண்டு ஆண்டுக்கு மேல் கண்காணித்தும் தொற்று எதுவும் இல்லை. பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு அந்தக் கருவி உரிய நேரத்தில் வேலை செய்தது. இரண்டு ஆய்வுகளும் 2012இல் வெளிவந்தன.

அச்சம் முதலில் தொற்றைப் பற்றியே எழுந்தது. கருவியை நொதிக் கரைசலில் ஊறவைத்துத் தேய்த்து, பேட்டரியைச் சோதித்து, எத்திலீன் ஆக்சைடு வாயுவால் கிருமி நீக்குவார்கள். ஒயர் எப்போதும் புதிது. 2,270 நோயாளிகளைக் கொண்ட 18 ஆய்வுகளைத் தொகுத்து 2011இல் வந்த கணக்கில் தொற்று சுமார் 2 விழுக்காடு. புதிய கருவிகளோடு ஒப்பிட்டால் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. வேறுபாடு எதிர்பாராத இடத்தில் இருந்தது. பழைய கருவிகளில் பழுது 0.68 விழுக்காடு என்றாலும், புதியவற்றைவிட அது பல மடங்கு. பெரும்பாலும் காரணம், ஒயரைப் பிடித்து நிறுத்தும் சிறு திருகு. சடலத்திலிருந்து கழற்றும்போதே அது சேதமாகியிருக்கலாம் என்பது ஆய்வாளர் கருத்து. திண்டுக்கல் பூட்டுப் பட்டறைக்காரருக்கு இதை விளக்கவே வேண்டாம். மரை தேய்ந்த திருகு எத்தனை இறுக்கினாலும் பிடிக்காது.

மாண்ட்ரியல் திட்டத்தின் முடிவு 2020இல் வந்தது. மெக்சிகோ, டொமினிக்கன் குடியரசு, குவாத்தமாலா, ஹொண்டுராஸ் நாடுகளில் பழைய கருவி பெற்ற 1,051 பேரில் இரண்டாண்டுக்குள் தொற்று கண்டவர்கள் 2.0 விழுக்காடு, கனடாவில் புதியது பெற்றவர்களில் 1.2. புள்ளியியல்படி இந்த வேறுபாடு உறுதியானதல்ல. இல்லை என்று தள்ளவும் முடியாது. ஆனால் முழு இதய மின்தடையால் மயங்கி விழுபவர்களில், கருவி இல்லாவிட்டால், ஏறத்தாழப் பாதிப்பேர் ஓராண்டுக்குள் இறந்துவிடுவார்கள். ஒப்பிட வேண்டியது இந்த எண்ணோடுதான்.

சட்டம் இந்த ஒப்பீட்டுக்குள் நுழைவதில்லை. உற்பத்தியாளர்கள் ஒருமுறைப் பயன்பாட்டுக்கு மட்டும் என்று அச்சிடுகிறார்கள். பயன்படுத்திய உயிர்காப்புக் கருவிகளை மறுபயன்பாட்டுக்கு இறக்குமதி செய்வதை இந்தியாவின் 2016ஆம் ஆண்டு அபாயகரக் கழிவு விதிகள் தடுக்கின்றன.

திண்டுக்கல் 1985இல் மதுரையிலிருந்து பிரிந்து தனி மாவட்டமானபோது, இதய நோயாளி அறுபது கிலோமீட்டர் கடந்து மதுரைக்கே போக வேண்டியிருந்தது. புதிய பேஸ்மேக்கரின் விலை பல ஆயிரங்களில் தொடங்கி லட்சங்களைத் தொடும். தோல் ஷாப்புக் கூலிக்கும் வேடசந்தூர் நூல் மில் சம்பளத்துக்கும் எட்டாத தொகை. இங்கே அந்த இடைவெளியை நிரப்பியது பழைய கருவி அல்ல, காப்பீட்டு அட்டை. 2009 ஜூலையில் கலைஞர் காப்பீட்டுத் திட்டமும், 2012 ஜனவரியில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமும் வந்தன. பேஸ்மேக்கர் பொருத்துவதும் இந்த இரண்டாவது திட்டத்தில் அடங்கும். திண்டுக்கல் அரசு மருத்துவக் கல்லூரி 2022 ஜனவரி 12 அன்று திறக்கப்பட்டது.

இங்கே கழற்றப்படும் கருவி எங்கே போக வேண்டும்? மருத்துவமனையில் கழற்றப்படும் உலோக உள்வைப்புகளுக்கு 2016ஆம் ஆண்டின் உயிரி மருத்துவக் கழிவு விதிகள் ஒதுக்கியிருப்பது நீல நிறப் பெட்டி. உடைந்த மருந்துக் குப்பிகள் போடுவதும் அதில்தான்.