வேற்காட்டுச் சூதாடி

திருவேற்காடு என்றதும் பலருக்கும் கருமாரியம்மன்தான் ஞாபகத்துக்கு வருவாள். அதே ஊரில் சம்பந்தர் பதிகம் பாடிய வேதபுரீசுவரர் கோயிலும் இருக்கிறது. நான்கு வேதங்களும் வேலமரங்களாக நின்று சிவனை வழிபட்டதால் இது வேற்காடு ஆனது என்பது தலபுராணம். வேதமே காடாக நின்ற ஊர்! இந்த ஊரிலிருந்து அறுபத்துமூவரில் இடம்பிடித்தவர் பெரிய பண்டிதராக இருப்பார் என்றுதானே நினைப்போம்? அதுதான் இல்லை. அவர் ஒரு சூதாடி. மூர்க்க நாயனார்.

பக்கத்துக் குன்றத்தூர்க்காரரான சேக்கிழார் 12ஆம் நூற்றாண்டில் பெரியபுராணத்தில் அவர் கதையைச் சொல்கிறார். அடியார்கள் சாப்பிட்ட பிறகுதான் தான் சாப்பிடுவது என்று இருந்தவர் மூர்க்கர். கூட்டம் பெருகப் பெருகக் கைப்பொருள் கரைந்தது. நிலத்தையும் விற்றார், அதுவும் தீர்ந்தது. முன்பே கற்றிருந்த சூது மட்டும்தான் மிச்சம். உள்ளூரில் அவரோடு ஆட ஆள் கிடைக்காமல் போகவே ஊர் ஊராகப் போய்க் கடைசியில் குடந்தைக்கு வந்து சேர்ந்தார். முதல் ஆட்டத்தில் தோற்றுக் கொடுப்பார். எதிராளி ஆசைப்பட்டுப் பந்தயத்தை ஏற்றுவான். அப்புறம் வரிசையாக ஜெயிப்பார். எவனாவது தகராறு செய்தால் சுரிகையை உருவிக் குத்திவிடுவார். மூர்க்கர் என்ற பெயர் அப்படி வந்ததுதான்.

இந்த ஆளைத் திருவள்ளுவரிடம் அழைத்துப்போனால் என்ன சொல்வார்?

திருக்குறளில் சூதுக்கென்றே 94ஆம் அதிகாரம் இருக்கிறது. அதன் முதல் குறளே ஜெயிக்கிறவனைப் பார்த்துத்தான் பேசுகிறது. வெற்றியே கிடைத்தாலும் வேண்டாம், அது மீன் விழுங்கிய தூண்டில் இரும்பு என்கிறார். 2023இல் ரம்மியும் போக்கரும் திறமை விளையாட்டுகள், தமிழ்நாட்டின் 2022ஆம் ஆண்டுத் தடைச்சட்டம் அவற்றுக்குப் பொருந்தாது என்று சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. வள்ளுவரிடம் இந்தத் திறமை வாதம் எடுபட்டிருக்காது.

“சரி, அவர் தனக்காகவா ஆடினார்? பசித்தவருக்காகத்தானே?” என்று கேட்கலாம். அதற்கும் வள்ளுவர் இடம் வைக்கவில்லை. பெற்ற தாயின் பசியைப் பார்க்க நேர்ந்தாலும் சான்றோர் பழிக்கும் செயலைச் செய்யாதே என்பது 656ஆம் குறளின் கருத்து. விருந்தோம்பலுக்கு ஒரு முழு அதிகாரம் கொடுத்த அதே மனிதர்தான் இதையும் சொல்கிறார். அவருக்கு அறிவு என்பது அழிவு வராமல் காக்கும் கருவி. வழி கெட்டால் விருந்தும் கெட்டது.

வேதம் கைகொடுக்குமா? ரிக் வேதத்தின் பத்தாம் மண்டலத்தில் 34ஆம் சூக்தம் ஒரு சூதாடியின் புலம்பல். மனைவி விரட்டுகிறாள், மாமியார் வெறுக்கிறாள். கடைசியில் அவனுக்குக் கிடைக்கிற புத்தி: பகடையை விடு, போய் உன் நிலத்தை உழு. நம்ம மூர்க்கர் நிலத்தை விற்றுவிட்டுப் பகடையை எடுத்தவர்! வேதபுரியின் அடியார் வேதத்துக்கே நேர் எதிராக நடக்கிறார்.

ஆனாலும் சுந்தரர் தன்னை இவருக்கும் அடியேன் என்று திருத்தொண்டத்தொகையில் பாடினார். இவர் கதையைச் சொல்லும் பெரியபுராணம் பன்னிரண்டாம் திருமுறை ஆனது.

சேக்கிழாருக்கு இந்தச் சிக்கல் தெரியாமல் இருந்திருக்குமா? அவர் கொடுக்கிற இரண்டு விவரங்களைப் பாருங்கள். ஜெயித்த பொருளை மூர்க்கர் கையால் தொடுவதில்லை. சமைப்பவர்கள் அதை எடுத்துச் சோறாக்குவார்கள். எல்லோரும் சாப்பிட்டு முடித்த பிறகு கடைப்பந்தியில்தான் இவர் உட்காருவார். அதாவது சூதிலிருந்து ஆசையை மட்டும் தனியாகப் பிரித்தெடுத்து வைக்கிறார் சேக்கிழார். அதே சமயம் கத்தியை மறைக்கவில்லை, பெயரையும் மாற்றவில்லை. ‘மூர்க்கர்’ என்பது வசவுதான். அந்த வசவோடுதான் அவர் நாயனார்.

இரண்டு பக்கமும் நியாயம் இருப்பதாகத் தோன்றுகிறது, இல்லையா? காரணம், இந்த நூல்கள் பார்க்கிற இடம் வேறு வேறு. ரிக் வேதப் பாடல் சூதாடியின் வீட்டுக்குள்ளிருந்து பார்க்கிறது. வள்ளுவர் அவன் நாளைக்கு எங்கே போய் நிற்பான் என்று பார்க்கிறார். சேக்கிழார் பந்தியில் பசியோடு உட்கார்ந்திருப்பவன் பக்கத்திலிருந்து பார்க்கிறார். இலைக்கு முன்னால் காத்திருப்பவனிடம் போய் முன்யோசனை பேச முடியாது. அந்த இடத்தில் அறிவு தோற்கலாம், தப்பில்லை என்பது பக்தி சொல்கிற பதில்.

எனக்கு அந்தப் பதில் பாதிதான் போதுமானதாக இருக்கிறது. ஏனென்றால் இந்தக் கதையில் இன்னொருவனும் இருக்கிறான். குடந்தையில் முதல் ஆட்டத்தில் ஜெயித்து, ஆசைப்பட்டு, அப்புறம் எல்லாவற்றையும் தோற்றவன். அடியார்களுக்கு இலை போட்ட அன்று அவன் வீட்டில் அடுப்பு எரிந்ததா? புராணம் அவனைத் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்க வைப்பது 94ஆம் அதிகாரம். பெரியபுராணத்தைக் கொண்டாடிய தமிழ்ச் சமூகம் குறளையும் கைவிடாமல் வைத்துக்கொண்டது நல்லதாகப் போயிற்று. பந்தியில் இருப்பவனுக்கு ஒரு நூல் இருக்கிறது. தோற்றவனுக்கும் ஒன்று வேண்டும்.